வெல்வெட் கஞ்சி

மான் கொம்பு சைவமா, அசைவமா? இரண்டு வாரமாக இந்தக் கேள்வியோடு அலைகிறேன். கணவரைக் கேட்டேன். கால்நடை மருத்துவரான அத்தானைக் கேட்டேன். சைகோனில் த்ருவோங் டின் தெருவில் கோயில் கொண்டிருக்கும் மாரியம்மனையும் கேட்டேன். கணவர் சிரித்தார், அத்தான் பாடம் எடுத்தார், அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

எங்களுடையது திருநெல்வேலிப் பக்கத்துச் சைவ வீடு. முட்டை போட்ட பிஸ்கட் வந்தால்கூட வாசலிலேயே யாருக்காவது கொடுத்துவிடுவோம். கணவருக்கு ஒரு வருடமாக வியட்நாமில், ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறிய சைகோனில் வேலை. தூ டுக் தொழில்பேட்டையில் எஞ்சினியர். வரும் ஜூனில் நாங்களும் இங்கே குடிவந்துவிடலாமா என்று பார்க்க, ஐந்து வயது மகள் மதியோடு நான்கு வாரத்துக்கு வந்தேன். பார்ப்பது என்றால் இரண்டே விஷயம்தான். மதி இங்கே சாப்பிடுவாளா? மதி இங்கே பேசுவாளா? வீட்டுக்குள் அவளைப் போல வாயாடி கிடையாது. வாசற்படி தாண்டினால் ஊமை. மொத்தத்தில் அவள் வாயை நம்பித்தான் விமானம் ஏறினோம்.

முதல் வாரம் அந்த வாய் திறக்கவில்லை. இந்த ஊரில் கீரை உண்டு, காய் உண்டு, நம் ஊரில் பார்க்காத காளான்கூட உண்டு. எல்லாவற்றிலும் மீன் சாறு ஒரு சொட்டு விழுந்திருக்கும். "வெறும் காய்தான்" என்று சைகை காட்டிச் சத்தியம் செய்கிறார்கள். பொய் இல்லை, அவர்கள் கணக்கில் மீன் சாறு என்பது உப்பு. உப்பைப் போய் யாராவது மீன் என்பார்களா? மதிக்கு மூக்கு ஜாஸ்தி. தட்டு மேஜைக்கு வருமுன்பே வாயைப் பொத்திக்கொள்வாள். நான் குக்கரில் வைத்துக் கொடுத்த தயிர்சாதமும் இறங்கவில்லை. ஒரு வேளைக்கு ஏழு வாய். சில நாள் ஐந்து. நான் எண்ணுவேன். எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. குளிப்பாட்டும்போது விலா எலும்பையும் எண்ணினேன்.

எதிர் வீட்டில் கோ ஹான் இருக்கிறார். பெயர் ஹான், 'கோ' என்பது மரியாதைக்கு, நம் அத்தை, சித்தி மாதிரி. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மகன் வீட்டோடு இருக்கிறார். இந்த ஊரில் வணக்கத்துக்கு 'சாவ்' என்பார்கள். கஞ்சிக்கும் 'சாவ்'. ராகம் வேறு என்கிறார்கள், என் காதுக்கு ஒன்றுதான். காலையில் கதவைத் திறந்ததும் எதிர் வீட்டு அம்மாள் உங்கள் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே 'சாவ்' என்றால் எந்தத் தாய்தான் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொள்ளமாட்டாள்? நான் நான்கு நாள் இழுத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள், ஒரு ஞாயிறு மாலை ஆறரைக்கு, அவர் கதவைத் தட்டி நிஜமாகவே ஒரு கிண்ணம் 'சாவ்' கொண்டுவந்தார்.

எங்கள் பேச்சு முழுவதும் போன் வழியாகத்தான். அவர் தன் பாஷையில் பேசுவார், போன் அதைப் பாடப்புத்தகத் தமிழில் ஒப்பிக்கும். அன்று அது சொன்னது: "தங்கள் மகள் காய்ந்த பூனை. இதை உண்ணச் செய்யுங்கள்."

நான் படித்தவள், முன்ஜாக்கிரதை உள்ளவள். வரிசையாகக் கேட்டேன். இறைச்சி இருக்கிறதா? இல்லை. முட்டை? இல்லை. மீன், மீன் சாறு? இல்லவே இல்லை. அரிசி, பாசிப்பருப்பு, தாமரை விதை என்று விரல் மடக்கினார். மேலே தூவியிருக்கிற பழுப்புப் பொடி என்ன என்று கேட்டேன். "ஞுங்" என்றார். போனைப் பார்த்தேன். 'வெல்வெட்' என்று வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கஞ்சி அவ்வளவு மிருது என்று பெருமை பேசுகிறார் என்று நினைத்தேன். நம் ஊரிலும் பிறந்தநாளுக்கு ரெட் வெல்வெட் கேக் வெட்டுகிறோமே, அதில் துணியா இருக்கிறது? "மதி, இது வெல்வெட் கஞ்சி" என்று நானே பெயர் வைத்தேன். மதி முகர்ந்து பார்த்தாள். ஒரு கரண்டி வாயில் வைத்தாள். பிறகு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் எண்ண மறந்துபோனேன். அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்துவிட்டு, "நாளைக்கும் உண்டா?" என்று கேட்டாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கோ ஹான் அவளைப் பார்க்கவே இல்லை, ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தாவோ தியெனில் ஒரு பள்ளியில் ஒரு வாரப் பரீட்சார்த்தச் சேர்க்கை. திங்கள் அன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மிருகப் படம் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் அந்த மிருகமாகவே வந்து மூன்று வாக்கியம் பேச வேண்டும். புலி, யானை என்று மற்றவர்களுக்கு வந்தது. மதிக்கு மூஸ். டீச்சர் கனடாக்காரர், அவர் ஊர்ப் பிராணியாம். எங்கள் தலையில் விழுந்தது.

மூஸுக்குத் தமிழில் என்ன? அகராதி 'கடமான்' என்றது. நான் அதை அப்படியே சொல்லிக்கொடுக்க, மதி படத்தைப் பார்த்துவிட்டுத் திருத்தினாள். போன வருடம் காரையார் போகும் வழியில் பேருந்து ஜன்னலிலிருந்து கடமானைப் பார்த்திருக்கிறாள்.

"இது கடமான் இல்லம்மா. கடமானுக்குக் கொம்பு குச்சி. இதுக்குக் கொம்பு முறம்."

முறம்தான். உள்ளங்கை விரித்தது போல அகன்று, ஓரத்தில் விரல்கள். சாயங்காலம் நானும் அவளும் உட்கார்ந்து மூஸைப் படித்தோம். மான் ஜாதியிலேயே பெரியது. கழுத்துக்குக் கீழே தாடி போல ஒரு சதை தொங்கும். கூட்டம் சேராது, தனியாகத் திரியும். ஏரிக்குள் இறங்கி, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, தண்ணீருக்கு அடியில் இருக்கும் செடியைத் தின்னும். இதைப் படித்ததும் மதி மூக்கைப் பிடித்துக்கொண்டு வெல்வெட் கஞ்சி சாப்பிட்டுக் காட்டினாள். கொம்பு ஆணுக்கு மட்டும். குளிர்காலத்தில் விழுந்துவிடும், வசந்தத்தில் மறுபடி முளைக்கும். முளைக்கும்போது அதன் மேல் ரோமத் தோல் ஒன்று போர்த்தியிருக்கும். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் வெல்வெட். கொம்பு முற்றியதும் மூஸ் மரத்தில் உரசி அந்தத் தோலை உரித்துவிடும்.

அந்த வரியை நான்தான் சத்தம் போட்டு வாசித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை டீச்சர் என்னைப் பள்ளி வாசலிலிருந்து துரத்தினார். மரியாதையாகத்தான். நான் கண்ணாடிக்கு வெளியே நிற்பதால்தான் மதி பேசுவதில்லை என்று அவருக்கு ஒரு எண்ணம். மான் தன் குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு எங்கோ தள்ளிப் போய் மேயுமாம், தாய் பக்கத்தில் நின்றால் அவள் வாசனையே எதிரிக்கு வழி காட்டிவிடும் என்று எனக்கு விளக்கினார். நடைபாதையில் வந்து நின்றேன். நடைபாதை இங்கே மோட்டார் பைக்குகளுக்கும் பாத்தியப்பட்டது. பின்னால் ஹாரன் அடித்தவர் திட்டினாரா, வணக்கம் சொன்னாரா தெரியாது. முடிவில் ஒரு 'சாவ்' கேட்டது போலிருந்தது. எதிர்க் காபிக்கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மாலையில் டீச்சர், இன்றும் மதி பேசவில்லை, கவலைப்படாதீர்கள் என்றார். கவலைப்படாதீர்கள் என்று சொல்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை பிடிக்கிறது.

அன்று மாலை கணவர் அட்டைப்பெட்டியை வெட்டி இரண்டு முறக் கொம்பு செய்தார். நன்றாகவே வந்திருந்தது. மதி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"வெல்வெட் இல்ல. இது வெறும் அட்டை."

வெல்வெட்டுக்கு இந்த ஊர்ப் பாஷையில் என்ன என்று எனக்குத்தான் தெரியுமே! ஞ என்ற எழுத்தை ஞாயிற்றுக்கும் ஞானத்துக்கும் பிறகு நான் உபயோகித்தது அதற்குத்தான். புதன் காலை எதிர் வீட்டுக்குப் போய், மான் படத்தைக் காட்டி, மதியைக் காட்டி, "ஞுங்" வாங்க வேண்டும் என்றேன். கோ ஹான் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சோலோன் பகுதியில் ஒரு கடை முகவரியை எழுதிக் கொடுத்து, போலி விற்பார்கள், இந்தக் கடை தவிர வேறெங்கும் வாங்காதே என்று போன் மூலம் எச்சரித்தார். துணியில் என்ன போலி என்று யோசித்தேன். சாயம் போகும் துணியாக இருக்கும்.

கார் டிரைவர் சீட்டைப் படித்தார். எதற்கு என்று கேட்டார். "ஞுங்" என்றேன். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவர் சொன்னதைப் போன் மொழிபெயர்த்தது: "கணவருக்கா? அவர் அதிர்ஷ்டசாலி." என்ன ஊரோ என்று வெளியே பார்த்துக்கொண்டேன். பாதி வழியில் ஒரு தெரு ஒருவழிப் பாதையாகிவிட, இறக்கிவிட்டு, நேரே நடக்கச் சொல்லிக் கை காட்டினார். வெயில் மண்டையைப் பிளந்தது. தெரு முழுக்கப் பட்டையும் அதிமதுரமும் கலந்த வாசனை. கண்ணை மூடிக்கொண்டால் திருநெல்வேலி டவுனில் நாட்டு மருந்துக் கடை வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. துணிக்கடைத் தெருவில் ஏன் மருந்து மணக்கிறது என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

கடையில் என் வயதுப் பெண் ஒருத்தி. சீட்டைப் படித்துவிட்டு ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து வைத்தாள். உள்ளே வட்ட வட்டமாக, ஓரம் மட்டும் கறுத்த சீவல்கள். இல்லை, துணி, துணி என்று என் துப்பட்டாவைப் பிடித்துக் காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டு, குளிர்பெட்டியைத் திறந்து முழுசாக ஒன்றை எடுத்து வந்தாள். ஒரு முழ நீளம். தடித்தது, முனை மழுங்கியது, மேலெல்லாம் பூனைக்குட்டி போலப் பழுப்பு ரோமம். வெட்டிய அடிப்பாகம் கருஞ்சிவப்பாக இருந்தது. என் கையை எடுத்து அந்த ரோமத்தில் வைத்து, "ஞுங்" என்றாள்.

மிருதுவாகத்தான் இருந்தது.

பிறகு இரண்டு சீவலை இடித்துப் பொடியாக்கிக் காகிதத்தில் கொட்டிக் காட்டினாள். அந்தப் பழுப்பு எனக்குத் தெரியும். மூன்று நாளாக மாலை ஆறரைக்கு அதன் வாசனையும் தெரியும். போனில் எழுத்து வந்தது: "மானின் இளங்கொம்பு. ஆண்களுக்கு வீரியம். உண்ணாத குழந்தை உண்ணும்."

யாரும் என்னை ஏமாற்றவில்லை, அதுதான் எரிச்சல். ஆங்கிலத்தில் அந்தத் துணிக்கும் அந்தத் தோலுக்கும் ஒரே பெயர், வியட்நாமியத்திலும் ஒரே பெயர். நம்மிடம்தான் பெயர் இல்லை. தின்னாத பொருளுக்குப் பெயர் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நான் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டேன். நான் அதைச் சாப்பிடவே இல்லை என்பது கொப்பளித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சாப்பிட்டது மதி.

இரண்டு தெரு தள்ளி நிஜத் துணிக்கடைகள் இருந்தன. பழுப்பு வெல்வெட் ஒரு மீட்டர் வாங்கிக்கொண்டு, தப்பான பக்கம் போகும் காரில் ஏறி, ஒரு வழியாகப் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது மதிதான் கடைசிப் பிள்ளை. மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது.

சொல்ல வேண்டியதை இப்போது சொல்லிவிடுகிறேன். அன்று ஆறரைக்குக் கோ ஹான் கதவைத் தட்டினார். மதி அதற்கு முன்பே கரண்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு வாழைப்பழம்தான் உள்ளே போயிருந்தது. கிண்ணம் என் கைக்கு வந்தது. மேலே பொடி. 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இந்த ஊர்ப் பாஷையில் நான் முதலில் கற்றுக்கொண்டதே அந்த வார்த்தைதான். நான் கிண்ணத்தை மதி முன்னால் வைத்தேன். முதல் மூன்று நாள் தெரியாமல் கொடுத்தேன். நாலாம் நாள் தெரிந்தே கொடுத்தேன். மதி மூக்கைப் பிடித்துக்கொண்டு, மூஸ் மாதிரி, முழுவதையும் சாப்பிட்டாள்.

கணவரிடம் சொன்னேன். சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்கு வேறு சந்தேகம் வந்து துருவினேன். ஒரு வருடமாக முட்டை சாப்பிடுகிறார்.

"வெளிநாட்டுல முட்டை காய்கறியில சேத்தி, வள்ளி," என்றார். "கொம்பும் அப்படித்தான்னு வச்சுக்கோ. பிள்ளை சாப்பிடுதாளா இல்லையா?"

வியாழக்கிழமை மதியைப் பள்ளியில் விட்டுவிட்டு, அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அத்தானுக்குப் போன் செய்தேன். அக்கா கணவர். அந்த வட்டாரத்து மாடுகளுக்கெல்லாம் டாக்டர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மான் வயித்துல பிறந்தவ பேரை வச்சுக்கிட்டு மான் கொம்பு சைவமான்னு கேக்கியே, உனக்கே நல்லா இருக்கா?" என்றார். என் பேர் வள்ளி என்பதில் அவருக்கு அன்றைய காபி இறங்கியிருக்கும்.

பிறகு பாடம். மாட்டுக்கு இருப்பது வேறு, மானுக்கு இருப்பது வேறு. தமிழில் இரண்டையும் கொம்பு என்று சொல்லிக் குழப்பிவிட்டோம். மாட்டுக் கொம்பு உள்ளே எலும்பு, மேலே நகம் போல ஓர் உறை, ஆயுசுக்கும் ஒன்றுதான். மான் கொம்பு முழுக்க எலும்பு, வருடா வருடம் புதுசு. கலைமானில் மட்டும் பெண்ணுக்கும் கொம்பு உண்டா என்று நான் கேட்டேன், ரெயின்டீரைக் கலைமான் என்று படித்த பள்ளிக்கூடப் புத்தி. பனிப்பிரதேசத்து ரெயின்டீரில்தான் பெண்ணுக்கும் கொம்பு, நம் கலைமான் மான் ஜாதியிலேயே சேராது, அதன் கொம்பு விழாது என்றார். நம் ஊர்ச் சருகுமானுக்குக் கொம்பே கிடையாதாம், கோரைப்பல்தான். முற்றின கொம்பு செத்த எலும்பு. விழுந்தால் வலி இல்லை, காட்டில் கிடப்பதை முள்ளம்பன்றி கடித்துத் தின்னும்.

"ஆனா இளங்கொம்பு அப்படி இல்ல. அதுல ரத்தம் ஓடும், நரம்பு ஓடும். தொட்டாச் சுடும். மரக்க ஊசி போடாம அறுத்தா, பல்லைப் பிடுங்கினா உனக்கு எப்படி இருக்கும், அப்படி இருக்கும்."

"அப்போ அசைவம்தானே அத்தான்?"

"மதி கைக்குழந்தையா இருக்கும்போது கோரோசனை உரைச்சு ஊத்தினியே, அது என்னன்னு நெனச்ச?"

மருந்து என்று நினைத்தேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, தாய்ப்பாலில் உரைத்து, பக்தியாகக் கொடுத்தேன்.

"மாட்டுப் பித்தப்பைக் கல்லு. உங்க வீட்டுல கஸ்தூரி மாத்திரையும் குடுத்திருப்பாங்க, அது ஆண் மானோட சுரப்பி. அதெல்லாம் ஜீரணம் ஆயிட்டு. இது மட்டும் தொண்டையில நிக்குதாக்கும்?"

கடைசியில் டாக்டராகவும் ஒன்று சொன்னார். அந்தப் பொடி பிள்ளைகளுக்குப் பசியைத் தூண்டும் என்று அவர் படித்த எதிலும் இல்லை. அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அதைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது, எதற்கும் பிள்ளைகள் டாக்டரிடம் கேட்டுவிடு. சைவம், அசைவம் பற்றி அவர் தீர்ப்புச் சொல்லவில்லை.

மெட்ரோ பிடித்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். வியட்நாமியப் பெண்கள் சுவரில் நெற்றியை ஒட்டி வைத்து என்னவோ முணுமுணுத்தார்கள். நானும் ஓர் இடம் பார்த்து நெற்றியை வைத்தேன். எங்கள் வீட்டுப் பூஜையறைப் படத்தில் சிவன் ஒரு கையில் மழு, ஒரு கையில் மான் வைத்திருப்பார். அந்த மான் ஏன் திரும்பிச் சாமி முகத்தையே பார்க்கிறது என்று மதி ஒரு முறை கேட்டிருக்கிறாள். பயப்படுகிறது, அதனால் பார்க்கிறது என்று சொன்னேன். அதற்கு மதி, "சாமி அதைப் பாக்கலியே. அதான் அது குதிக்குது" என்றாள். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு இதெல்லாம்தான் ஞாபகம் வந்தது. கேட்க வந்ததைக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மாலையில் கோ ஹானை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். நாங்கள் இறைச்சி சாப்பிடாதவர்கள், கொம்பும் ஆகாது. அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். நீ 'சாய்' என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். விரதச் சாப்பாட்டுக்கு இங்கே அதுதான் சொல்லாம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அவரே 'சாய்'தான் சாப்பிடுவாராம், அன்று அந்தப் பொடியைத் தொடமாட்டாராம். நான் இறைச்சி, மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவர் ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சொன்னார். ஒரே வார்த்தையில் கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

மான்கள் வடக்கே ஹா தின் பக்கம் அவருடைய தம்பி வளர்ப்பவை. போனில் ஒரு படம் காட்டினார். புள்ளிமான் ஒன்று அவர் கையிலிருந்து பலா இலை தின்றுகொண்டிருந்தது. அடுத்த படத்தில் அதே மானை நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்திருந்தார்கள். "அது சாவதில்லை. காயத்தைக் கட்டுவோம். அடுத்த ஆண்டு முளைக்கும்," என்றது போன். கோ ஹான் அந்தப் படத்தை மூடிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "அறுக்கும் நாளில் நான் தம்பி வீட்டில் இருப்பதில்லை."

வெள்ளிக்கிழமை. பழுப்பு வெல்வெட் போர்த்திய கொம்பு வகுப்பறைக் கதவை விட அகலமாகிவிட்டது. மதி பக்கவாட்டில் திரும்பி நுழைந்தாள். பெற்றோர் எல்லோரும் பின்னால் குட்டி நாற்காலிகளில். புலி உறுமியது, யானை பிளிறியது, ஒரு பெங்குவின் அழுதது. மதி முறை வந்ததும் நடுவில் போய் நின்றாள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்து, தன் கண்ணை ஒரு விரலால் மூடிக் காட்டினார். எனக்குப் புரிய நேரமானது. குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. ஆங்கிலத்தில், மெதுவாக. மூஸ் தனியாக இருக்கும். மூஸ் மூக்கை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் சாப்பிடும். மூஸ் தன் வெல்வெட்டைத் தானே உரிக்கும். இதைச் சொல்லிவிட்டு, நான் நூல் போட்டுத் தைத்திருந்த துணியை ஒரே இழுப்பில் கிழித்தாள். மூன்று வாக்கியமும் முடிந்தது. நான் நிமிர்ந்து கைதட்டத் தொடங்கினேன்.

மதி முடிக்கவில்லை. "உரிச்ச வெல்வெட்டை மூஸே தின்னுரும்," என்றாள் ஆங்கிலத்தில். இது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. டீச்சர் காட்டிய வீடியோவில் இருந்ததாம், உண்மையும்கூடவாம். பிள்ளைகள் எல்லோரும் சீ என்றார்கள். பெங்குவின் அழுகையை நிறுத்திவிட்டு, ஒரு மாதிரி இருக்காதா என்று கேட்டது.

"நல்லா இருக்கும்," என்றாள் மதி. சொல்லிவிட்டு நேரே என்னைப் பார்த்தாள்.

பள்ளியில் இடம் கொடுத்துவிட்டார்கள். கணவர் அன்றைக்கே ஜூன் மாத விமானம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் அந்தப் பார்வையிலேயே நின்றுகொண்டிருக்கிறேன். அவளுக்குத் தெரியுமா? கஞ்சியில் இருக்கும் வெல்வெட்டும் கொம்பில் இருக்கும் வெல்வெட்டும் ஒன்றுதான் என்று பிடித்துவிட்டாளா? அல்லது, 'வெல்வெட்' என்று பெயர் வைத்தது எல்லாம் ருசியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறாளா? அந்தப் பெயரை வைத்தது நான்.

சனிக்கிழமை கோ ஹான் பொடி போடாமல் கஞ்சி கொண்டுவந்தார். நான் முன்னால் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தேன். இரண்டு கரண்டி. "இது வெல்வெட் இல்ல," என்று தள்ளிவிட்டாள். ஞாயிறன்று கோ ஹான் கிண்ணத்தோடு வாசலில் நின்று, போன் இல்லாமல், புருவத்தைத் தூக்கி என்னைக் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. திரும்பியபோது கிண்ணம் காலி. அன்றிலிருந்து தினமும் ஆறரைக்கு இதேதான். பொடி போட்டாரா இல்லையா என்று இதுவரை கேட்கவில்லை. மேய்கிற மானை யாராவது பார்த்தால் அது தலையைத் தூக்கிவிடும், பார்க்கிறவர் போகும்வரை வாய் வைக்காது என்று ஏதோ ஒன்றில் படித்தேன். பொடிதான் காரணமா, நான்தான் காரணமா என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஒரு நாள் கோ ஹானிடம் கேட்டால் போதும். கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஊர் திரும்ப இன்னும் ஐந்து நாள். மதியிடம் நேராகக் கேட்டால், தெரியாதவளுக்குத் தெரிந்துவிடும். கேட்காமல் விட்டால், தெரிந்தவளை என் பொய்யில் கூட்டுச் சேர்த்துக்கொண்டவள் ஆவேன். உங்களில் யாராவது, பிள்ளைக்குத் தெரியாமல் ஆகாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, பிறகு உட்கார வைத்துச் சொன்னவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். கொம்பு சைவமா என்பதைக்கூட விட்டுவிடலாம். எந்த வயதில் சொன்னீர்கள், என்ன வார்த்தையில் சொன்னீர்கள், சொன்ன பிறகு பிள்ளை அடுத்த வேளை சாப்பிட்டதா, அதை மட்டும் எழுதுங்கள்.